வாய்பாட்டுப் பிழையும் ஓர் உகரமும்

யாப்பிலக்கணம் பயில்வார்க்கு வாய்பாடு இன்றியமையாதது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் முதலிய சில சொற்களை மனத்தில் இருத்திக்கொண்டு, ஆயிரக்கணக்கான சீர்களை அவற்றின்மேல் வைத்து அளந்து பார்க்கின்றோம். பொருந்துவதைக் கொள்கின்றோம், பொருந்தாததைப் பிழை என்று தள்ளுகின்றோம். முதலாண்டு வகுப்பிலேயே இவ்வளவையில் ஓரளவு தேர்ச்சி எய்திவிட்டோம் என்று யாம் இறுமாந்திருந்தோம். அவ்விறுமாப்பை ஓர் அஞ்சலட்டை அடக்கிற்று. அவ்வரலாற்றை இம்மலரைப் படிக்கும் அன்பர்கட்குச் சொல்லிவிடுதல் எம் கடமை என்று கருதுகின்றோம். ஏனெனில் அப்பிழையாற் புண்பட்டோர் நம் கல்லூரியின் பழைய மாணவரே.

பழைய மாணவர் கூட்டத்திற்கு வருவோர் தம் பெயரை முன்னரே பதிந்துகொள்ளுமாறு ஓர் இணையப் பக்கம் அமைத்தல் வேண்டும் என்று சங்கத்தார் முடிவு செய்தனர். பெயர்களைத் தமிழிலேயே பெற்றுத் தமிழிலேயே அச்சிடுதல் வேண்டும் என்பது எம் பேராசிரியரின் விருப்பம். கோடை விடுமுறையில் பி.எச்.பி. என்னும் இணைய நிரல்மொழியை யாம் சிறிது கற்றிருந்தோம் ஆதலின், அப்பணி எம்பால் வந்தது. கணினி பயிலும் மாணாக்கர் பலர் இருக்க, தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர்க்கு இவ்வேலை எற்றுக்கு என்று நகைத்தோரும் உளர். யாமோ பெருமையோடு ஏற்றுக்கொண்டோம்.

படிவத்தில் எழுதப்படுவன முறையாக உள்ளனவா என்று சோதிக்க ஒரு கருவி வேண்டும். பெயர் என்ற இடத்தில் ஒருவர் தொலைபேசி எண்ணை எழுதிவிடலாம். ஆண்டு என்ற இடத்தில் ஊரை எழுதிவிடலாம். இவற்றைத் தடுக்கும் கருவியை ஆங்கிலத்தில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்பர். அதனை யாம் வாய்பாடு என்றே வழங்குவோம். அது பொருந்திய பெயரே என்பது சிறிது எண்ணிப் பார்ப்பின் விளங்கும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாதல் வேண்டும் என்கின்றோம். 'இந்நான்கனுள் ஒன்று, அதன்பின் வேறொன்றும் வரலாகாது' என்பதைச் சில குறிகளாற் சுருக்கி எழுதிக் கணினிக்குக் கொடுத்தால், அதுவே கணினியின் வாய்பாடு. நான்கு இலக்கங்கள், பின்னர் ஒரு சாய்கோடு, பின்னர் இரண்டு இலக்கங்கள் என்பது ஆண்டிற்குரிய வாய்பாடு. எழுத்தும் இடைவெளியும் புள்ளியுமன்றிப் பிறிதொன்றும் வரலாகாது என்பது பெயருக்குரிய வாய்பாடு.

இக்கருவியின் பிறப்பு வியப்பிற்குரியது. 1943ஆம் ஆண்டில் மக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் மூளையின் நரம்பணுக்களைக் கணித முறையில் விளக்க முற்பட்டனர். அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து, ஸ்டீபன் கிளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1951இல் ஒரு கட்டுரை வரைந்தார். அது 1956இல் அச்சேறியது. அதிலிருந்தே இவ்வாய்பாட்டு முறை தோன்றிற்று. நரம்பின் இயல்பை அறிய எழுந்த அக்கணிதத்தை, கென் தாம்ஸன் என்பார் 1968இல் எழுத்துக்களினூடே சொற்களைத் தேடுதற்குப் பயன்படுத்திக் காட்டினார். பின்னர்ப் பெர்ல் என்னும் மொழி இம்முறையைப் பெரிதும் விரித்தது. பெர்லின் முறையைப் பின்பற்றி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிலிப் ஹேசல் 1997இல் ஒரு நிரல் தொகுதியை ஆக்கத் தொடங்கினார். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் உலகிற்கு வெளியிட்ட பி.எச்.பி. மொழி, இன்று வாய்பாடு பார்ப்பதற்கு அத்தொகுதியையே பயன்படுத்துகின்றது.

நிற்க. எம் பிழைகளுக்கு வருவோம். அவை மூவகைப்படும்.

முதல் வகை, கணினி உரத்த குரலிற் சொல்லிவிடும் பிழை. யாம் பயின்ற நூல் மிகப் பழையது. அதில் வாய்பாடு பார்ப்பதற்கு 'எரெக்' என்னும் பழைய கட்டளை சொல்லப்பட்டிருந்தது. அக்கட்டளை 2009இல் வெளிவந்த பி.எச்.பி. 5.3 பதிப்பிலேயே கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2015இல் வெளிவந்த 7.0 பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. இதனை அறிந்து, கட்டளையின் பெயரை மட்டும் 'பிரெக் மேட்ச்' என்று மாற்றிவிட்டு, வாய்பாட்டை இருந்தவாறே விட்டோம். உடனே, முடிவெல்லைக் குறி காணப்படவில்லை என்று கணினி முறையிட்டது.

காரணம் இது: புதிய கட்டளையில் வாய்பாட்டின் இரு புறத்தும் எல்லைக் குறி இடுதல் வேண்டும். செய்யுளை மேற்கோட் குறிகளுக்குள் அடைப்பது போன்றது அது. யாம் எல்லை இடவில்லை ஆதலின், வாய்பாட்டின் முதற்கண் நின்ற கூரைக் குறியையே கணினி எல்லையாகக் கொண்டது. 'தொடக்கத்திலிருந்து பார்' என்று பொருள்படும் அக்குறி வேலியாக மாறி, தன் இணையைத் தேடித் திகைத்தது. உடனே சாய்கோடுகளை எல்லையாக இட்டோம். அப்பொழுது வேறொரு முறையீடு எழுந்தது. ஆண்டினைக் குறிக்கும் வாய்பாட்டினுள்ளும் 1961/62 என்பதற்குரிய ஒரு சாய்கோடு இருந்தது. கணினி அதனை முடிவெல்லை என்று கொண்டு, அதன்பின் வந்தவற்றை ஏவற் குறிகள் என்று எண்ணி, 'இக்குறியை அறியேன்' என்றது. உள்ளிருக்கும் சாய்கோட்டின் முன் ஓர் எதிர்ச்சாய்கோடு இடலாம். அல்லது எல்லைக்கு வேறு குறியைக் கொள்ளலாம். யாம் அலைக்குறியை எல்லையாகக் கொண்டோம். முறையீடு ஓய்ந்தது.

இவ்வகைப் பிழைகளால் எவர்க்கும் தீங்கில்லை. சீர் தளை கெட்டவுடன் குரலெழுப்பும் ஆசிரியர் போலக் கணினி அருகிலிருந்து திருத்துகின்றது. அச்சத்திற்குரியது அடுத்த வகை.

பெயருக்குரிய வாய்பாட்டை யாம் மிக எளிதாக முடித்துவிட்டதாக எண்ணினோம். தமிழ் எழுத்துக்கள் அகரத்திற் றொடங்குவன. ஒருங்குறி அட்டவணையில் மெய்வரிசை ஹகரத்தில் முடிவது. ஆதலின் [அ-ஹ] என்று எழுதி, இடைவெளியையும் புள்ளியையும் உடன் சேர்த்து, எல்லாத் தமிழ்ப் பெயர்களையும் உள்ளடக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். எம் பெயரை எழுதிப் பார்த்தோம், கணினி ஏற்றது. அறைத்தோழர் பெயரை எழுதினோம், அதனையும் ஏற்றது. யோவான், ஆபிரகாம், மரியாள், எஸ்தர் என்று எழுதினோம், எல்லாம் ஏற்கப்பட்டன. பக்கத்தை வெளியிட்டோம். நாள்தோறும் பெயர்கள் வந்து நிரம்பின. சங்கத்தார் எம்மைப் பாராட்டினர்.

பத்தொன்பதாம் நாள் அஞ்சலட்டை வந்தது. நடுங்குகின்ற, ஆயினும் அழகிய கையெழுத்து. எழுதியவரின் பெயரை இங்குக் குறிப்பது முறையன்று. அட்டையில் இருந்தது இவ்வளவே:

"அன்புள்ள தம்பிக்கு, உங்கள் பக்கத்தில் என் பெயரை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் 'பெயர் பிழை. சரியாக எழுதுக' என்று வந்தது. எண்பத்தொரு வயது வரையில் இப்பெயரைப் பிழையின்றி எழுதி வந்ததாக எண்ணியிருந்தேன். ஈற்று உகரத்தை நீக்கினால் ஏற்கின்றது என்று என் பேத்தி கண்டு சொன்னாள். குற்றியலுகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும் என்று இதே கல்லூரியிற் படித்தேன். ஒன்றுமில்லாமற் குறுகும் என்று எவரும் படிப்பிக்கவில்லை. உகரம் இன்றி வர எனக்கு விருப்பமில்லை. கூட்டம் நன்கு நடைபெறுக."

அட்டையை எம் பேராசிரியர் எம் கையிற் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓரளவு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு விடுதியில் உறங்காது அமர்ந்து, பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். சுவிசேஷகர் நால்வர் பெயரையும் வரிசையாக இட்டபொழுது உண்மை வெளிப்பட்டது. மத்தேயுவைக் கணினி மறுத்தது, மாற்குவை மறுத்தது, லூக்காவை மறுத்தது, யோவானை மட்டும் ஏற்றது. பேதுருவும் பவுலும் தாவீதும் வெளியே நின்றனர். உகரம், ஊகாரம், ஈகாரம் ஆகிய மூன்று உயிர்க்குறிகளுள் ஒன்றேனும் உள்ள பெயர் எதுவும் உட்புக முடியவில்லை. எம் பெயரிலும் எம் தோழர் பெயரிலும் இம்மூன்றும் இல்லை. சட்டம் செய்தவர் தம் அளவையே உலகின் அளவையாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இம்மூன்று குறிகளுக்கு மட்டும் என்ன பகை? எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணினி அறிவியல் பயிலும் அறைத்தோழரை எழுப்பினோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்பாட்டை ஒரு முறை நோக்கினார்.

"யு எங்கே?" என்றார்.

"எந்த யு?"

"கடைசி எல்லைக் குறிக்குப் பின்னால் ஆங்கில யு போடவேண்டும். அது இல்லாவிட்டால் கணினி எழுத்தைப் பார்க்காது, பைட்டைப் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.

எஞ்சியதை யாமே கணக்கிட்டு அறிந்தோம். ஒருங்குறியின் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் கணினி மூன்று பைட்டுக்களாகச் சேமிக்கின்றது. 'யு.டி.எஃப்.-8' எனப்படும் இச்சேமிப்பு முறையை 1992இல் வகுத்தோர் இருவர். ஒருவர் ராப் பைக். மற்றவர் முற்கூறிய தாம்ஸனே. அகரம் 224, 174, 133 என்னும் மூன்று எண்களாக நிற்கும். ஹகரம் 224, 174, 185 என நிற்கும். யு என்னும் ஏவற் குறி இல்லாதபொழுது, கணினி [அ-ஹ] என்பதை ஈரெழுத்துக்களின் இடைவெளியாகக் காண்பதில்லை. ஆறு பைட்டுக்களின் வரிசையாகக் காண்கின்றது. நடுவிலுள்ள சிறுகோட்டின் இருபுறத்தும் நிற்பவை அகரத்தின் இறுதியான 133உம் ஹகரத்தின் முதலான 224உம் ஆகும். ஆகவே 133 முதல் 224 வரையுள்ள எந்த பைட்டையும் அது ஏற்றுக்கொண்டது. தமிழ்க் குறிகள் பெரும்பாலனவற்றின் மூன்று எண்களும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஈகாரக் குறியின் இறுதி எண் 128. உகரக் குறியின் இறுதி எண் 129. ஊகாரக் குறியின் இறுதி எண் 130. ஆய்தத்தின் இறுதி எண் 131. இந்நான்கும் 133இன் கீழ்ப்பட்டு வெளியே தள்ளப்பட்டன.

எனவே, யோவானை ஏற்றதும் வாய்பாட்டின் செம்மையால் அன்று, தற்செயலால். எம் சோதனைகள் வெற்றி பெற்றனவும் தற்செயலால். பிழையான வாய்பாடு எல்லாவற்றையும் மறுத்திருந்தால் முதல் நாளிலேயே கண்டிருப்போம். பெரும்பாலானவற்றை ஏற்றுச் சிலவற்றை மறுத்தமையாலன்றோ அது பத்தொன்பது நாள் மறைந்து வாழ்ந்தது!

தொலைந்த தமிழ் உகரத்தை மீட்பதற்கு ஓர் ஆங்கில உகரமே மருந்து என்று நகைத்தவாறு, வாய்பாட்டின் ஈற்றில் யு என்பதைச் சேர்த்தோம். சேர்த்தவுடன் மத்தேயுவை எழுதினோம், மறுப்பு. மாற்கு, மறுப்பு. லூக்கா, மறுப்பு. யோவானை எழுதினோம். இதுகாறும் உள்ளே இருந்த யோவானும் வெளியே தள்ளப்பட்டார். மருந்து நோயினும் கொடியதாயிற்று.

இப்பொழுதுதான் யாம் தமிழ் மாணாக்கர் என்பது சிறிது பயன்பட்டது. யு சேர்த்தபின் கணினி உண்மையாகவே குறிகளை நோக்குகின்றது. ஒருங்குறியில் அகரத்தின் எண் 2949. ஹகரத்தின் எண் 3001. உயிர்க்குறிகளோ 3006இல் காலுடன் தொடங்குகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி 3021. ஆகவே காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் எல்லாம் [அ-ஹ] என்னும் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. இலக்கணத்தில் மெய்யும் உயிரும் முதலெழுத்துக்கள். 'க்' என்பதனோடு உகரம் சேர 'கு' பிறக்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய ககரமே அடிப்படை. அதன்மேற் புள்ளி என்னும் தனிக்குறியை ஏற்றினால் 'க்'. உகரக் குறியை ஏற்றினால் 'கு'. நாம் ஓரெழுத்து என்று எண்ணும் 'கு' கணினிக்கு இரண்டு குறிகள். நாம் மெய் என்று முதலில் வைப்பதை அது பின்னர் ஆக்கிக்கொள்கின்றது. யாம் நன்னூல் கொண்டு எண்ணினோம். கணினி தன் அட்டவணை கொண்டு எண்ணிற்று. இரண்டும் தம்முள் முறையானவையே. ஒன்றன் கணக்கை மற்றொன்றன்மேல் ஏற்றியது எம் பிழை.

அகர ஹகர எல்லையைக் கைவிட்டு, 'எவ்வெழுத்தாயினும் ஆகுக' என்று பொருள்படும் குறியை நாடினோம். பின்னெதிர்ச்சாய்கோடு, ஆங்கிலப் பி, வளைவுக்குள் எல் என்று எழுதினால் உலகத்து மொழிகள் யாவற்றின் எழுத்துக்களையும் அது குறிக்கும். அதனை இட்டோம். யோவான் அப்பொழுதும் உள்ளே வரவில்லை! ஏனெனில் ஒருங்குறி வகுத்தோர் ககர மகரங்களை எழுத்து என்னும் இனத்திலும், காலையும் கொம்பையும் புள்ளியையும் 'சார்ந்துவரும் குறி' என்னும் வேறோர் இனத்திலும் வைத்துள்ளனர். அவ்வினத்திற்குரிய எழுத்து எம். எல், எம் என்னும் இரண்டையும் ஒரே அடைப்பினுள் சேர்த்து எழுதினோம். மத்தேயு வந்தார், மாற்கு வந்தார், லூக்கா வந்தார், யோவான் திரும்பினார். இறுதியாக, நடுங்கும் கையுடன், அஞ்சலட்டையிலிருந்த பெயரை உகரத்தோடு எழுதினோம். கணினி ஏற்றுக்கொண்டது. அப்பொழுது விடுதி மணி நான்கு அடித்தது.

எழுத்து என்றும் குறி என்றும் பிரித்தது ஏதோ சிறு நுட்பம் போலத் தோன்றும். ஆனால் எழுதுவோர்க்குக் குறி எழுத்தின் உயிரன்றோ? எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வரிவடிவில் வேற்றுமை காட்ட வீரமாமுனிவர் உழைத்தது, ஒரு சிறு சுழியின் பொருட்டே. அச்சுழி இன்றேல் செடி எது சேடி எது என்று இடம் நோக்கித் துணிதல் வேண்டும். எம் வாய்பாடோ குறிகளை ஒழித்துவிட்டு எழுத்து மட்டும் போதும் என்றது.

மூன்றாம் வகைப் பிழை இன்னும் நுட்பமானது. பெயரில் முதலெழுத்தும் புள்ளியும் இடைவெளியும் முறையாக வருகின்றனவா என்று பார்க்கும் ஆசையால், யாம் ஒரு திருத்தம் செய்தோம். 'எழுத்துக்கள் பல, பின் வேண்டுமாயின் ஒரு புள்ளி அல்லது இடைவெளி, இக்கூட்டம் பலமுறை வரலாம்' என்று, பன்மைக்குள் பன்மையாக வாய்பாட்டை அமைத்தோம். பெரும்பாலான பெயர்களுக்கு அது நன்றாகவே உழைத்தது. ஒருவர் தம் நீண்ட பெயரின்பின் ஒரு காற்புள்ளியிட்டுப் பட்டத்தை எழுதினாற்போலச் சோதித்தபொழுது, கணினி சிறிது தயங்கிப் பின் 'பெயர் பிழை' என்றது.

அத்தயக்கத்தின் காரணத்தைச் சீர்பிரித்தல் அறிந்தார் எளிதில் உணர்வர். பத்துக் குறிகள் கொண்ட ஒரு சொல்லை முறை மாற்றாமல் துண்டு துண்டாகப் பிரிப்பதற்கு 512 வழிகள் உள. அத்தகைய இரண்டு சொற்களாயின் 2,62,144 வழிகள். மூன்று சொற்களாயின் 13,42,17,728 வழிகள். காற்புள்ளியில் இடறியவுடன், வேறு வகையாகப் பிரித்தால் பொருந்துமோ என்று கணினி ஒவ்வொரு வழியையும் திரும்பத் திரும்ப முயல்கின்றது. எவ்வாறு பிரிப்பினும் காற்புள்ளி காற்புள்ளியே என்பதை அஃது அறியாது. முடிவின்றி முயலாதிருக்கும் பொருட்டு, பி.எச்.பி. மொழியில் இத்தகைய மீள்முயற்சிகளுக்குப் பத்து இலட்சம் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. எல்லை கடந்தவுடன் கணினி கைவிடுகின்றது.

கைவிட்டபின் அது என்ன விடை தருகின்றது என்பதே எம்மைத் திடுக்குறச் செய்தது. இக்கட்டளைக்கு விடை மூன்று. பொருந்தினால் 1, பொருந்தாவிடின் 0, வினாவையே ஆராய்ந்து முடிக்க இயலாவிடின் 'பொய்' என்னும் தனி மதிப்பு. முதல் இரண்டும் தீர்ப்பு. மூன்றாவது, 'எனக்குத் தெரியவில்லை' என்னும் ஒப்புதல். யாம் எழுதிய நிரலில், 1 அல்லாதவை யாவும் ஒன்றே என்று கொண்டிருந்தோம். அதனால், கணினி 'யான் அறியேன்' என்று பணிவோடு சொன்னதையும் யாம் 'நீர் பிழை செய்தீர்' என்று மாற்றி விருந்தினர்க்கு அறிவித்தோம். பொய்யுரைத்தது கணினியன்று, இடை நின்று மொழிபெயர்த்த யாமே.

திருத்தம் எளிது. பன்மைக்குள் பன்மையை நீக்கி, எழுத்து, குறி, புள்ளி, இடைவெளி, காற்புள்ளி ஆகிய எல்லாவற்றையும் ஒரே அடைப்பினுள் வைத்து, அது ஒன்றோ பலவோ வரலாம் என்று ஒற்றைப் பன்மையாக எழுதினோம். விடையைச் சோதிக்கும்பொழுது மூன்று சமக்குறிகளை இட்டு 0 வேறு, பொய் வேறு என்று பிரித்தோம். பொய் என்று வந்தால் காரணம் யாதென்று கணினியையே வினவும் கட்டளையும் உளது. 2020இல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல் அது காரணத்தைச் சொற்றொடராகவே தருகின்றது. அக்காரணத்தை எமக்கென ஓர் ஏட்டிற் பதியச் செய்து, விருந்தினர்க்கு 'பிழை எம்முடையது; பொறுத்தருள்க' என்று காட்டுமாறு அமைத்தோம். 'பெயர் பிழை, சரியாக எழுதுக' என்ற பழைய வாசகத்தை அழித்துவிட்டோம். பெயருக்குரியவரினும் பெயரைச் சரியாக அறிந்தவர் எவர்?

மறுநாள் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினோம். முன்னர்க் கண்ணிற் படாதன இப்பொழுது பட்டன. ஆறுமுகம் எனற்பாலது 'ஆறமகம்' என்று நின்றது. சூசை என்பது இடம் பெறாமையால் 'யோசேப்' என்று ஒருவர் வேறு பெயர் பூண்டிருந்தார். இவ்வாறு தம் பெயரைச் சிதைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் அறுவரைக் கண்டோம். அறுவர்க்கும் மன்னிப்பு வேண்டிக் கடிதம் எழுதினோம். அவருள் ஒருவர், "வங்கியிலும் அலுவலகத்திலும் இப்படிப் பலமுறை பழகிவிட்டோம்; இதற்காகவா கடிதம்?" என்று விடை எழுதினார். அவ்விடை அஞ்சலட்டையினும் எம்மை மிகுதியாக வருத்திற்று.

அட்டை எழுதிய பெரியவர்க்கு எம் கைப்படவே நான்கு பக்கம் வரைந்தோம். 128, 129, 130 என்னும் எண்களின் கதையையும், யோவான் வெளியேறித் திரும்பிய கதையையும் விரித்து, 'உகரம் மீண்டது. தாங்களும் வருதல் வேண்டும்' என்று முடித்தோம். எட்டு நாட்கள் விடை இல்லை. ஒன்பதாம் நாள் காலையிற் பதிவேட்டைத் திறந்தபொழுது, இறுதி வரியில் அவர் பெயர் முழுமையாக நின்றது. கூட்டத்தன்று அவரைக் கண்டு வணங்கினோம். அவர் அச்சிட்ட மலரை விரித்துத் தம் பெயரின் ஈற்றெழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, "அரை மாத்திரைதான், தம்பி. ஆனால் என் தகப்பனார் வைத்தது" என்றார்.

அவரும் அறுவரும் எம் கண்ணிற் பட்டனர். எம் கண்ணிற் படாதவர் எத்துணையர்? ஏற்கப்பட்டவை ஏட்டில் நின்றன. மறுக்கப்பட்டவை சுவடின்றி மறைந்தன. ஒரு முறை எழுதிப் பார்த்து, 'நம் பெயர் இங்கு இல்லை போலும்' என்று கணினியை மூடிவிட்டுச் சென்ற முதியோர் பலர் இருந்திருக்கலாம். அவர்கள் அஞ்சலட்டை எழுதவில்லை. இம்மலர் அவர்தம் கையிற் கிடைக்குமாயின், இக்கட்டுரையையே எம் மன்னிப்புக் கடிதமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றோம்.

இலக்கியம் முன்னது; இலக்கணம் பின்னது என்று வகுப்பிற் பயின்றோம்; தேர்விலும் எழுதினோம். அதன் பொருளை ஓர் உகரத்தின் வாயிலாகவே உணர்ந்தோம். சீர் ஒன்று வாய்பாட்டிற்கு அடங்காவிடின் புலவரை ஐயுறுமுன் வாய்பாட்டை மீண்டும் ஒரு முறை நோக்குக என்று இப்பொழுது எம்மை யாமே எச்சரித்துக்கொள்கின்றோம். பதிவுப் பக்கம் அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கும் அவ்வாறே இருக்கும். ஈற்றில் உகரம் உடையோரும் ஊகாரம் உடையோரும் ஈகாரம் உடையோரும் ஐயமின்றி வருக. ஆய்தம் உடையோர் எவரேனும் உளராயின், அவர்க்கும் இடம் உண்டு.